வெள்ளிக்கிழமைக் கப்பலும் என் கணுக்காலும்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் முழங்காலுக்கு வந்துவிடுகிறது. யாருக்கு எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, யார் படியில் பக்கவாட்டாக இறங்குகிறார்கள், எந்த எண்ணெய் பரவாயில்லை என்று போகும். நான் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். சின்ன வயதிலிருந்தே நாலு பேர் நடுவில் எனக்கு வாய் திறக்காது. படிப்பும் பத்தாவதோடு நின்றுவிட்டது. எழுதினால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பதால்தான் எழுதுகிறேன். உங்கள் முழங்கால்களைப் பற்றி நிறையக் கேட்டாயிற்று. என் வலது கணுக்காலைப் பற்றி ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. தீவில், ஹேடோ துறைமுகத்திலிருந்து மேலே ஏறும் சரிவில் எங்கள் குவார்ட்டர்ஸ். தகரக் கூரை, பலகைச் சுவர். மழைக்காலத்தில் ஒருவர் பேசுவது அடுத்தவருக்குக் கேட்காது. அப்பா கப்பல் அணையும் வார்ஃபில் டேலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறிப்பது அவர் வேலை. மதுரைப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தவர்.

எங்கள் வீட்டுச் சுவரில் காலண்டர் தொங்கியது. ஆனால் நாட்களை நாங்கள் கப்பலை வைத்துத்தான் எண்ணினோம். தபால் கப்பலில் வந்தது, வெங்காயம் கப்பலில் வந்தது, மாப்பிள்ளை கப்பலில் வந்தார். "இந்தக் கப்பல்ல பதில் வரலேன்னா அடுத்த கப்பலுக்குப் பார்ப்போம்" என்பதை ஒரு நாளில் நாலு வீட்டிலாவது கேட்கலாம். அம்மா ஊறுகாய் போடுவதும் கப்பல் தேதி பார்த்துத்தான், ஏனென்றால் நல்லெண்ணெய் அதில்தான் வரும்.

அந்த வருஷம் மழை விட்டு வெயில் பிடித்த மாதங்களில் எங்கள் பள்ளிக்கு ஒரு கடிதம் வந்தது. மெயின்லேண்டில் நடக்கும் பள்ளிப் போட்டிக்குத் தீவிலிருந்து பெண்கள் ரிலே அணியை அனுப்பலாம் என்று அதில் இருந்தது. ஓடுவதற்கு நாலு பேர், கூடுதலாக ஒருத்தி. கடைசி ஓட்டம் எனக்கு. மூன்றாவதாக ஓடி என் கையில் குச்சியைத் தருபவள் பக்கத்து வரிசைக் குவார்ட்டர்ஸில் இருந்த ஒரு வங்காளிப் பெண். அவளும் நானும் பாதி இந்தி, பாதி தமிழில் பேசிக்கொள்வோம். "பீச்சே மத் தேக், கை மட்டும் நீட்டு, நான் வெச்சுடுவேன்" என்பாள். திரும்பிப் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு இருந்தது. அவளுடைய அந்த வார்த்தையில்தான் அது போனது.

அந்தக் குச்சி படாக் மரத்தில், மர ஆலையில் யாரோ கடைந்து கொடுத்தது. செக்கச் சிவப்பு. வியர்வைக் கையில் பிடித்தால் சாயம் ஒட்டும். பயிற்சி முடிந்து நாலு பேரும் உள்ளங்கையை விரித்துக் காட்டிக்கொள்வோம். அது பிற்பாடு எங்கே போயிற்றென்று யாருக்கும் தெரியவில்லை.

நாங்கள் வெறுங்காலில்தான் ஓடினோம். ஆனால் மெயின்லேண்டுக்குப் போகிற பெண் வெறுங்காலில் போகக்கூடாது என்று அப்பா நினைத்தார். என் பாதத்தை நூலால் அளந்து, அந்த நூலைக் கடிதத்துக்குள் மடித்து மெட்ராஸில் இருந்த சித்தப்பாவுக்கு அனுப்பினார். அனுப்புவதற்கு முன் நூலை ஒரு விரற்கடை கூடுதலாக விட்டு அறுத்ததை நான் பார்த்தேன்.

"வளர்ற கால். அடுத்தது எந்தக் கப்பல்ல வரும்னு யாரு கண்டா" என்றார்.

அது கஞ்சத்தனம் இல்லை. தீவில் எல்லோரும் அப்படித்தான் வாங்கினோம். சட்டை முழங்கை தாண்டித் தொங்கும், பாவாடை மூன்று மடிப்பு மடித்துத் தைத்திருக்கும். கப்பலில் வருகிற எதுவும் அடுத்த இரண்டு வருஷத்துக்கும் சேர்த்து வர வேண்டும்.

ஷூ வந்தது. வெள்ளைக் கான்வாஸ். பெட்டியைத் திறந்ததும் புது ரப்பர் வாசனை வீடு முழுக்க. காலை விட்டால் உள்ளே கால் தனி, ஷூ தனி. அம்மா பழைய துணியைச் சுருட்டி முன்பக்கம் அடைத்தாள். "இப்ப எப்படி இருக்கு" என்று அப்பா கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். வெறுங்காலில் இன்னும் நன்றாக ஓடுவேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் வார்ஃப் முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

கப்பல் கிளம்புவது வெள்ளிக்கிழமை என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அதற்கு முந்தின வாரம், திங்கட்கிழமை சாயங்காலம், குச்சி என் கைக்கு வந்த அதே நொடியில் ஷூவுக்குள் பாதம் ஒரு பக்கம் நழுவியது. ஷூ நேராக நின்றது, கால் மடங்கியது. பச்சைக் குச்சியை ஒடிப்பது போல உள்ளே ஒரு சத்தம். எனக்கு மட்டும்தான் கேட்டது.

டிரில் சார் ஓடி வந்தார். நல்ல மனிதர்தான். அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். "உட்காராதே. உட்கார்ந்தா வீங்கிடும். எழுந்து ரெண்டு ரவுண்டு நட."

இரண்டு ரவுண்டு நடந்தேன். பிறகு சரிவில் ஏறி வீட்டுக்கும் நடந்தேன். விளக்கு வைப்பதற்குள் கணுக்கால் எலும்பு காணாமல் போயிருந்தது. அந்த இடத்தில் உருண்டையாக ஒரு சதை.

அப்பா தேங்காய் எண்ணெயைச் சூடாக்கித் தன் கையால் அழுத்தித் தேய்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டேன். குச்சி தரும் பெண்ணின் அம்மா சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துச் சூடாகக் கொண்டுவந்து அப்பினார். கடைசி வீட்டு மலையாள அம்மா உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தார். எதையும் வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் குவார்ட்டர்ஸில் கிடையாது. சொந்தம் என்று யாரும் இல்லாத இடத்தில் அண்டை வீடுதான் சொந்தம், அது கொண்டுவரும் மருந்தை எப்படித் திருப்பி அனுப்புவது. ஆக என் கால் மூன்று ஊர் வைத்தியத்தையும் ஒரே நாளில் வாங்கிக்கொண்டது. ஒவ்வொருவரும் கிளம்பும்போது ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்.

"கப்பலுக்குள்ள சரியாயிடும்."

மறுநாள் அப்பா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் எலும்பு முறியவில்லை என்றார், கட்டுப்போட்டார், காலுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார். அவர் எத்தனை நாள் என்று சொல்வதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "அடுத்த வெள்ளிக்கிழமை கப்பல், சார்." டாக்டர் சிரித்து, "பார்க்கலாம்" என்றார். அப்பா அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். வழியில் எதிர்ப்பட்டவர்களிடம் டாக்டரே வெள்ளிக்கிழமைக்குள் சரியாகிவிடும் என்று சொன்னதாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

அவருக்குக் காரணம் இருந்தது. ஆறு வருஷமாக அவர் ஊருக்குப் போகவில்லை. லீவு கிடைத்தபோது கப்பலில் இடம் கிடைக்கவில்லை, இடம் கிடைத்தபோது லீவு கிடைக்கவில்லை. நான் ஓடப் போகிறேன் என்று சித்தப்பாவுக்கு எழுதியிருந்தார். சித்தப்பா குடும்பத்தோடு துறைமுகத்துக்கு வந்து பார்ப்பதாகப் பதில் எழுதியிருந்தார். நான் போவதில் அவரும் பாதி போகிறார் என்பது எனக்கு இப்போது புரிகிறது. அப்போது அவர் அவசரம் மட்டும்தான் தெரிந்தது.

சனிக்கிழமைக்கு நான் நொண்டாமல் நடந்தேன். நொண்டாமல் நடக்கப் பழகிக்கொண்டேன் என்பதுதான் சரி. அன்றைக்குச் சாப்பிடும்போது அப்பா நல்ல சந்தோஷத்தில் வார்ஃப் கதை ஒன்று சொன்னார்.

"இன்னைக்கு ஒருத்தன் மூட்டை மேலேர்ந்து தொபுக்குன்னு விழுந்தான். மூட்டை தூக்குற கேங்கே சிரிச்சிருச்சு."

"மூட்டை மேல எதுக்கு ஏறினான்?" என்று அம்மா கேட்டாள்.

"அது மேஸ்திரியோட சட்டம். கால் பிசகிப் போனவன் திரும்ப வேலைக்கு வந்தான்னா, மூட்டையைக் கீழ போட்டு அது மேல ஒத்தக் கால்ல நிக்கணும். பிசகின கால்ல. ஒருத்தன் தேங்கா எறிவான், பிடிக்கணும். விழுந்தா அன்னைக்குப் பலகை கிடையாது, கீழ உக்காந்து கயிறு சுத்த வேண்டியதுதான்."

பலகை என்பது கப்பலுக்கும் தரைக்கும் நடுவில் போடுவது. பெரிய சாமான்களைக் கிரேன் இறக்கும். காய்கறிக் கூடை, சின்னப் பெட்டி எல்லாம் ஆள் தலையில் அந்தப் பலகை வழியாக வரும்.

"ஏன் அப்படி ஒரு சட்டம்?"

"பலகையில ஒருத்தன் சாஞ்சா பின்னால வர்றவனும் சேர்ந்து போவான்ல."

அம்மா ரசம் ஊற்றினாள். கரண்டியை வைத்துவிட்டு, "அப்போ இவளுக்கு?" என்றாள்.

"இவளுக்கென்ன? இவ என்ன மூட்டையா தூக்கப் போறா?"

அம்மா ரசப் பாத்திரத்தை மூடி உள்ளே எடுத்துப் போனாள். நான் அப்பா சொன்னது சரி என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் அப்பா வெளியே போனதும் அம்மா பின்கதவைச் சாத்தினாள். எங்கள் அடுப்பு மரத்தூள் அடுப்பு, எல்லார் வீட்டிலும் அதுதான். ஆலையிலிருந்து வரும் மரத்தூள் மூட்டை சமையலறை மூலையில் எப்போதும் இருக்கும். அதைப் படுக்கப்போட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முதலில் அவளே ஏறினாள். ஒற்றைக் காலைத் தூக்கினாள். மறு நொடி பக்கத்திலிருந்த வாளியோடு சேர்ந்து விழுந்தாள். நான் பயந்துபோய்ப் பார்த்தால், தரையில் உட்கார்ந்தபடி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அம்மா அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"ஏறுடி. முதல்ல நல்ல கால்" என்றாள்.

இடது காலில் இருபது எண்ணும் வரை நின்றேன். வலது காலை வைத்தேன். இரண்டு எண்ணுவதற்குள் கணுக்காலுக்குள் யாரோ கயிற்றை இழுத்து இழுத்து விடுவது போல ஓர் ஆட்டம். கால் தன்பாட்டுக்கு மடங்கியது. அம்மா பிடித்துக்கொண்டாள். மூன்று தடவை பார்த்தோம். மூன்றாம் தடவை அம்மா சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை அப்பாவுக்குச் சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு வார்ஃபுக்கு இறங்கினாள். ஆட்கள் கொட்டகை நிழலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். தார், உப்பு, அழுகின உருளைக்கிழங்கு, எல்லாம் கலந்த ஒரு வாடை. மேஸ்திரி தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை, தலையில் துண்டு.

"அண்ணே, இந்தப் புள்ள கால கொஞ்சம் பாருங்க" என்றாள் அம்மா.

"நான் வைத்தியனில்லையேம்மா."

"தெரியும். ஒரு மூட்டை போடுங்க."

ஆட்களில் ஒருவர், "மேஸ்திரி, கேங்குக்குப் புது பர்த்தி, ஆளு சேர்ந்தாச்சு" என்றார். இன்னொருவர், "கிளார்க் சார் மகளுக்குக் கூலி கூட வேணும் பாத்துக்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தரையைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மேஸ்திரி குந்தி உட்கார்ந்து என் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். அழுத்திய இடத்தில் குழி விழுந்து மெதுவாக நிரம்பியது.

"இதைத் தேய்ச்சது யாரு?"

"அவங்க அப்பாதான்."

"சூடு வெச்சியளா?"

"மூணு வீட்டுச் சூடு" என்றாள் அம்மா.

மறுபடியும் சிரிப்பு. மேஸ்திரி சிரிக்கவில்லை. "உள்ள நார் கிழிஞ்சிருக்கும்மா. அன்னைக்கே தேய்ச்சா இன்னும் கிழியத்தான செய்யும். முதல்ல குளிர்ச்சிதான் வைக்கணும். காலைத் தூக்கி வெச்சிட்டு ஆராமா கெடக்கணும்." பிறகு ஒரு மூட்டையைக் காலால் தள்ளிப் போட்டார். "ஏறு பிள்ளே."

ஏறினேன், விழுந்தேன். ஒரு கை என்னைத் தாங்கியது. யாரும் சிரிக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன். அப்பா சொன்ன கதையில் விழுந்தவனைப் பார்த்து கேங்கே சிரித்திருந்தது. நான் சின்னப் பெண் என்பதாலோ என்னவோ.

"வெள்ளிக்கிழமை கப்பல்" என்றாள் அம்மா.

"அது கப்பலுக்கு உள்ள நாளும்மா. இவ காலுக்கு அது தெரியாதுல்லா."

"அப்போ எத்தனை நாளாகும்?"

"எனக்கு நாளு தெரியாது. மூட்டையில நிக்கணும். தேங்கா பிடிக்கணும். வெறுங்கையோட பலகையில ஏறி இறங்கணும். அப்புறம் அரை லோடு. அதுக்கப்புறம்தான் முழு வேலை. ஒருத்தனுக்கு ஒரு வாரம் ஆகும், ஒருத்தனுக்கு ஒரு மாசம்." அவர் கொட்டகை ஓரத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்த ஒருவரைக் காட்டினார். அவருக்கு ஒரு கால் வளைந்திருந்தது. "என் தம்பி. பண்டு நான் கால் பிசகிக் கிடந்தேன். கப்பல் வந்திருச்சுன்னு ஓடியாந்து பலகையில ஏறினேன். நான் சாஞ்சேன், பின்னால இவன் வந்தான். எனக்கு ஒண்ணுமில்ல."

அப்போது அப்பா வந்துவிட்டார். கூலியாட்கள் நடுவில் மனைவியும் மகளும் நிற்பதைப் பார்த்து அவர் முகம் மாறியது. "இங்க என்ன?" என்றார்.

"சாப்பாடு கொண்டாந்தேன்" என்று அம்மா கேரியரை நீட்டினாள்.

வீட்டுக்கு வந்தபிறகு பேச்சு நடந்தது.

"டாக்டர் சொன்னது பத்தாதா? கூலிக்காரன் சொல்றதைக் கேட்டுட்டு வர்றே?"

"டாக்டரும் ஓய்வுன்னுதான் சொன்னாரு. வெள்ளிக்கிழமைன்னு சொன்னது நீங்க" என்றாள் அம்மா. குரல் உயரவில்லை. "கால் போனா அவங்களுக்கு அன்னைக்குச் சோறு இல்ல. அதனால அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நமக்குத் தெரியாது."

"ஊருக்கெல்லாம் எழுதியாச்சு. தம்பி ஹார்பருக்கு வந்து நிப்பான்."

"வந்தா மத்த புள்ளைங்களைப் பார்த்துட்டுப் போகட்டும்."

அப்பா என்னைப் பார்த்தார். "உனக்கு எப்படிம்மா இருக்கு? ஓடிருவேல்ல?"

நான் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. அவர் அதையும் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை கடைசிப் பயிற்சி. ஓடிக் காட்டினால் கப்பல், இல்லாவிட்டால் கூடுதலுக்கு இருந்த பெண் போவாள். கிரவுண்டில் சிவப்பு மண் காய்ந்து வெடித்திருந்தது. நாலு பேரும் அவரவர் இடத்துக்குப் போனோம். ஷூ, துணி, கட்டு எல்லாம் சேர்ந்து என் கால் வேறு யாருடையதோ போலக் கனத்தது. தூரத்தில் குச்சி தரும் பெண் கையை ஆட்டினாள். டிரில் சார் விசிலை வாயில் வைத்தார்.

"சார்" என்றேன்.

எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. அவர் விசிலை எடுத்தார்.

"சார், மூட்டை மேல நிக்க முடியல."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். "என்ன மூட்டை?" என்றார் சார். விளக்கிச் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் ஷூவைக் கழற்றினேன். வெறும் தரையில் வலது காலில் நின்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்று, இரண்டு. விழுந்தேன். எழுந்து இன்னொரு தடவை நின்று, இன்னொரு தடவை விழுந்து காட்டினேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"நேராத்தானே ஓடப் போறே. ஒரே ஒரு தடவை ஓடிப் பார்த்துடேன்" என்றார் சார். கடுமையாகச் சொல்லவில்லை, கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார்.

தலையை ஆட்டி மறுத்தேன். பெரியவர் ஒருவருக்கு நான் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

குச்சி தரும் பெண் என்னருகே வந்தாள். "தர்போக்" என்றாள். பயந்தாங்கொள்ளி என்று அர்த்தம். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அவளும் நானும் கப்பலின் மேல்தளத்தில் எங்கே உட்காருவது என்பது வரை பேசி வைத்திருந்தோம்.

வெள்ளிக்கிழமை மதியம் கப்பல் ஊதியது. எங்கள் வாசலிலிருந்து பார்த்தால் புகைபோக்கி நகர்வது தெரியும். அது மறைந்தபிறகும் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போய் அழுதேன். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அம்மா சமையலறையிலிருந்து மரத்தூள் மூட்டையை இழுத்து என் முன்னால் போட்டாள்.

அடுத்து வந்த வாரங்களைப் பற்றிச் சொன்னால் சின்ன விஷயங்களாகத்தான் இருக்கும். மேஸ்திரியின் உறவுக்காரர் ஒருவருக்கு மீன் படகு உண்டு. அங்கிருந்து பனிக்கட்டி வரும், மரத்தூளில் புதைத்து, சாக்கில் கட்டி. முதல் நாளே வைத்திருக்க வேண்டியது, இப்போது வைத்தாலும் கெடுதல் இல்லை என்று மேஸ்திரி சொல்லி அனுப்பினார். மீன் நாற்றம் அடிக்கும் அந்தக் கட்டியைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, காலைத் தலையணை மேல் தூக்கிக்கொண்டு கிடப்பேன். யாரும் தேய்க்கவில்லை. அண்டை வீடுகளிலிருந்து மருந்து வந்தபோது அம்மா வாங்கி வைத்துக்கொண்டு நன்றி சொன்னாள், காலில் போடவில்லை. அது ஒரு வழி என்று எங்கள் யாருக்கும் முன்பு தோன்றியதே இல்லை.

வீக்கம் வடிந்ததும் வாசற்படி விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்கினேன். முதல் நாள் ஐந்து தடவை. பிறகு மூட்டை. ஆறு எண்ணினேன், ஒன்பது எண்ணினேன், மறுநாள் திரும்ப நாலுக்கு வந்தேன். அழுகை வந்தது. "நேத்து ஒன்பது வந்துச்சுல்ல, அது எங்கேயும் போகாது" என்றாள் அம்மா. இருபது வந்த அன்று அம்மா உருளைக்கிழங்கை எறியத் தொடங்கினாள். அவளுக்குக் குறி பார்த்து எறியத் தெரியாது. பாதி கிழங்கு பக்கத்து வீட்டுக் கோழிகளிடம் போயிற்று. குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்து, வரிசையில் நின்று, தாங்களும் ஏறி விழுந்தார்கள். ஓட்டத்தையும் மெதுவாகத்தான் தொடங்கினேன். முதலில் நேராக மட்டும், வெறுங்காலில், குவார்ட்டர்ஸ் பாதையில். வளைந்து ஓடுவது கடைசியில்தான்.

அந்த நாட்களில் ஒன்றில் ஷூ காணாமல் போனது. பெட்டியையும் காணோம். அப்பாதான் எடுத்திருக்க வேண்டும். யாரிடம் கொடுத்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. ஒரு சாயங்காலம் அவர் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இன்னைக்கு எவ்வளவு எண்ணினே?" என்றார். முப்பது என்றேன். "கண்ணைத் திறந்தா, மூடியா?" என்றார். அவர் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

பின்னாளில் எங்கள் பள்ளி கிரவுண்டு ஓரத்திலும் இரண்டு மூட்டைகள் கிடந்தன. டிரில் சார்தான் போட வைத்தார். கால் பிசகியவர்கள் மட்டும் இல்லை, எல்லாப் பிள்ளைகளும் ஓடுவதற்கு முன் ஏறி நிற்க வேண்டும் என்றார். எங்கிருந்து கற்றார் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை.

கப்பல் திரும்பி வந்தது. பயணிகள் இறங்கும்போது நானும் அம்மாவும் கீழே நின்றோம். குச்சி தரும் பெண் கறுத்து, கொஞ்சம் இளைத்து இறங்கினாள். என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். நேராக வந்தாள்.

"அஞ்சாவது வந்தோம்" என்றாள்.

"எத்தனை டீம்?"

"ஆறு." இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிறகு அவள், "குச்சி கொடுக்கும்போது ஆதத்ல, பழக்கத்துல, உன் கைன்னு நெனச்சுட்டேன். அவ கை இன்னும் கீழே இருந்துச்சு. கொஞ்சம் லேட்" என்றாள். என் காலைப் பார்த்தாள். "டீக் ஹோ கயா? சரியாயிடுச்சா?"

"இன்னும் தெரியல. இன்னைக்குப் பலகையில ஏறினாத்தான் தெரியும்" என்றேன்.

பெரிய சாமான்கள் இறங்கி முடிய மத்தியானம் ஆகிவிட்டது. கூடைகளுக்காகப் பலகை போட்டார்கள். மேஸ்திரி மூட்டையைத் தள்ளிப் போட்டு என்னைக் கூப்பிட்டார். ஏறினேன். தேங்காய் வந்தது, பிடித்தேன். அடுத்தது இடது பக்கமாக, கொஞ்சம் உயரத்தில் வந்தது. உடம்பு சாய்ந்தது, கணுக்கால் ஆடியது, ஆனால் ஆடிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பி வந்தது. அது திரும்பி வருவதை நான் உள்ளிருந்து உணர்ந்தேன்.

"சரி, பலகை" என்றார்.

பலகையின் இரண்டு பக்கமும் கயிறு கட்டியிருந்தது. எனக்கு முன்னால் ஒரு ஆளை ஏற விட்டார். பலகை நடக்க நடக்க மூச்சு விடுவது போல எழுந்து தாழ்ந்தது. கீழே வார்ஃபுக்கும் கப்பலுக்கும் நடுவில் பச்சைத் தண்ணீர். மேலே போய்ச் சேர்ந்தபோது கையில் அட்டையும் பென்சிலும் வைத்துக்கொண்டு அப்பா நின்றார். அவர் வேலை செய்துகொண்டிருப்பதை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போ என்று சொல்லிவிடுவாரோ என்று நின்றேன்.

அப்பா பென்சிலைக் காதில் செருகினார். வெங்காயக் கூடை ஒன்றை இழுத்து, அதில் பாதியை வேறொரு கூடையில் கொட்டினார். சும்மாடுத் துணியைத் தானே சுருட்டி என் தலையில் வைத்து, கூடையை மேலே ஏற்றினார்.

"கால் தொட்டு நின்னதுக்கப்புறம் அடுத்த காலை எடு. அவசரமே இல்ல" என்றார்.

இறங்குவதுதான் கஷ்டம். பாரம் முன்னால் தள்ளும். வலது காலை வைத்தேன், நின்றது. இடது. வலது. நடுப்பலகையில் பெரிதாக ஒரு அசைவு, கணுக்கால் வாங்கிக்கொண்டது. வெங்காயத் தோல் ஒன்று முகத்தில் பறந்து ஒட்டியது, அதைத் தட்டிவிடக் கை இல்லை. அம்மா எங்கே நிற்கிறாள் என்று தேடவில்லை. பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பியும் பார்க்கவில்லை. கால் சிமெண்டைத் தொட்டது.

ஒரு கை கூடையை வாங்கிக்கொண்டது. நான் மேஸ்திரியைப் பார்த்தேன். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தலையை உயர்த்திப் பலகையைப் பார்த்து, மற்ற எல்லோருக்கும் சொல்லும் அதே குரலில் சொன்னார்.

"அடுத்த ஆளு வரலாம்."